மஞ்சக்கல் தைலத்தைப் பற்றி உனக்குச் சொல்லாதது

சேகர்,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவள் நம் பக்கத்து வீட்டு முனியம்மா. முதலில் அவளை உட்கார வை. வெயிலில் இரண்டு பஸ் ஏறி வந்திருப்பாள், குடிக்க ஏதாவது வாங்கிக் கொடு. உன்னிடம் ஒரு போத்தல் தைலம் கேட்பாள். அதை மட்டும் கொடுத்துவிடாதே. கெஞ்சினாலும் கொடுக்காதே, நாளைக்கு வாங்க என்றும் சொல்லாதே. அவள் மகள் சுங்கை பெசாரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். அந்த மகளின் கைக்குழந்தைக்குப் பத்து நாளாகக் கக்குவான் இருமல். அதற்குத்தான் கேட்கிறாள். நீ இதற்குள் தைலம் காய்ச்சிவிட்டாயா, இனிமேல்தானா என்று எனக்குத் தெரியாது. காய்ச்சியிருந்தால் அவள் கண்ணில் படாமல் எடுத்து உள்ளே வை. எழுத்து கோணல் மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, காலையில் ஒரு கோப்பிதான் குடித்தேன்.

நான் பசியாறிக்கொண்டிருந்தபோது வந்தாள். வாசலில் நின்றுகொண்டே, “அண்ணே, சேகரு அங்க கடை எடுத்து நம்ம தைலத்தக் காய்ச்சப் போறானாம்ல? ஒரு சீட்டு எழுதிக் குடுங்கண்ணே. பதினோரு மணி பஸ்ஸுல போறேன். ஒங்க கைப்பட எழுதுனா மொதப் போத்தல எனக்குக் குடுத்துருவான்ல” என்றாள். கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வேண்டாம்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? “அதுக்கென்ன முனியம்மா, எழுதித் தரேன்” என்று சொல்லிவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே சேலை மாற்றப் போய்விட்டாள். என் வாய் இப்படித்தான். பயம் வந்தால் யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடும். அந்த வாயால் ஏற்கெனவே ஒரு பெரிய பாவம் செய்திருக்கிறேன். இப்போது மணி எட்டரை. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் உனக்கு எழுதிவிட வேண்டும்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. ராவாங் தொழிற்சாலையில் ஆள் குறைத்ததில் உனக்கும் வேலை போய்விட்டது என்றும், சுங்கை பெசாரில் ஒரு கடையும் அதன் பின்னால் ஒரு கொட்டகையும் பிடித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பத்து ஆராங்கில் பழைய நிலக்கரிச் சுரங்கத்து மேட்டில் இரண்டு சாக்கு மஞ்சள் கல் பொறுக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அப்பா, பக்குவத்தை எழுதுங்கள், குழந்தைக்கு எத்தனை சொட்டு, பெரியவர்களுக்கு எத்தனை சொட்டு என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். ‘என் உயிரைக் காப்பாற்றிய தைலம்’ என்று போத்தலில் ஒட்டப் போவதாக வேறு எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரமாகப் பதில் போடாமல், கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எத்தனை குடும்பம் அந்த வரியை நம்பும் என்று யோசித்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பக்குவத்தை நான் மறைக்கப் போவதில்லை. நான் சொல்லாவிட்டால் நீயே ஏதாவது தகரத்தைப் போட்டு எரித்துப் பார்ப்பாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அது எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு டிரெஸர் இருந்தார். டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார், மற்ற நாளெல்லாம் மருந்து, ஊசி, கட்டு எல்லாம் டிரெஸர்தான். அவரிடம் அட்டை கிழிந்த ஒரு பழைய மருந்துப் புத்தகம் இருந்தது. நான் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவன், நெருப்பைப் பார்க்காமலே சூடு சொல்லிவிடுவேன் என்று தோட்டத்தில் ஒரு பெயர் எனக்கு உண்டு. ஒரு நாள் அவர் ஒரு மஞ்சள் கல்லைக் கொண்டுவந்து காட்டினார். சட்டையில் தேய்த்துக் காகிதத் துண்டுக்கு மேலே பிடித்தார், காகிதம் எழும்பி அதில் ஒட்டிக்கொண்டது. “இது அம்பர். லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தின மரத்துப் பிசின், மண்ணுக்குள்ள கெடந்து கல்லாப் போச்சு. இத எரிச்சு எண்ணெய் எடுத்து வெள்ளைக்காரன் எரநூறு முந்நூறு வருஷமா மருந்தா வச்சிருந்தான். நீ மட்டும் சூட்டப் பாத்துக்க, பாக்கிய நான் பாத்துக்கறேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவர் ஒருவர் என்னைத் தேடி வந்து பேசுகிறாரே என்ற பெருமை.

அவர் வாசித்துச் சொன்னதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கக்குவான் இருமலுக்குக் குழந்தையின் முதுகெலும்பில் இந்த எண்ணெயைத் தேய்ப்பார்களாம். வலிப்புக்கு, மூட்டுப் பிடிப்புக்கு, மயங்கி விழும் பெண்களுக்கு மூக்கில் காட்ட என்று எல்லாவற்றுக்கும் இதுதானாம். சர்க்கரையில் சில சொட்டு விட்டு உள்ளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். கடுமையான அமிலத்தோடு சேர்த்துக் கஸ்தூரி வாசனை வரவழைத்து அத்தர்க்காரர்கள் விற்றார்களாம். சாதாரணக் குங்கிலியத்தை எரித்து எண்ணெய் எடுத்து, இதுதான் அம்பர் எண்ணெய் என்று ஏமாற்றிய வியாபாரிகளும் நிறையப் பேராம். அதையும் அவர்தான் வாசித்தார், நானும்தான் கேட்டேன். ஒரு மருந்தைப் பழைய காலத்தில் கொடுத்தார்கள் என்றால், அதில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்கும் புத்தி இரண்டு பேருக்குமே இல்லாமல் போயிற்று.

கல்லை உடைத்து, மணலோடு கலந்து, மண்பானையில் பாதிக்குமேல் போடாமல், மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைப்போம். மூடியிலிருந்து ஒரு செம்புக் குழாய், அது தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிப் போய்ப் போத்தலில் இறங்கும். அந்தக் குழாயைத் தோட்டத்தில் சம்சு காய்ச்சுகிறவனிடம்தான் வாங்கினேன், அதனால் நானும் சாராயம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டேன் என்று தோட்டத்துக் கங்காணி, அந்த மண்டோர், இரண்டு தடவை மோப்பம் பிடிக்க வந்தான். வந்தவன் நாற்றம் தாங்காமல் ஓடிவிட்டான். முதலில் புளித்த தண்ணீர் சொட்டும். பிறகு மெல்லிய மஞ்சள் எண்ணெய் வரும். சூடு ஏற ஏறக் கீல் மாதிரி கறுப்பாக வரும். அதைத் தண்ணீரோடு சேர்த்து மறுபடி வடித்தால் கொஞ்சம் தெளியும், நாற்றமும் குறையும். அதைத்தான் போத்தலில் பிடிப்போம். இதில் ஒரு விஷயத்தைக் கவனி. உண்மையான அம்பராக இருந்தால் குழாயின் கழுத்தில் வெள்ளை உப்பு படியும் என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. எத்தனையோ தடவை காய்ச்சியும் எங்களுக்கு அந்த உப்பு ஒரு சிட்டிகை கூடப் படியவில்லை. நான் கேட்டேன். “உப்பு வரலன்னா போவுதுலா. எண்ணெய் வருதுல்ல?” என்றார் டிரெஸர். அப்படியென்றால் நாங்கள் பிடித்தது என்ன எண்ணெய்? எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நீ பொறுக்கி வைத்திருப்பதும் அதே மேட்டுக் கல்தான்.

இனி உன் கதை. உனக்கு அப்போது பதினொரு மாதம். தோட்டம் முழுக்கக் கக்குவான் பரவியிருந்தது. நீ இருமி இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கூவல் சத்தம் வரும், அது நிற்கும்வரை நானும் உன் அம்மாவும் மூச்சு விடமாட்டோம். முதுகில் தேய்த்துப் பார்த்தேன், கேட்கவில்லை. உள்ளுக்குக் கொடு என்றார் டிரெஸர். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடி நின்று பார்க்க, சர்க்கரையில் மூன்று சொட்டு விட்டு உன் நாக்கில் வைத்தேன். நீ விழுங்கும்போதே இருமல் வந்தது. அப்படியே நீலமாகிவிட்டாய், ராசா. கண் மேலே போய்விட்டது. உன் அம்மா உன்னை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரப்பர் பால் ஏற்றிப் போகிற லோரியை மறித்து ஏறினாள். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் வாயை முகர்ந்து பார்த்ததும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கிறது, இருமுகிற பிள்ளைக்கு எவனாவது எண்ணெய் ஊற்றுவானா என்று கத்தினார். காற்று வைத்து, ஊசி போட்டு, பன்னிரண்டு நாள் உன்னை வைத்திருந்தார்கள். உன்னைக் காப்பாற்றியது அந்த ஊசியும் உன் அம்மாவின் ஓட்டமும்தான். தைலம் உன்னைக் கொல்லப் பார்த்தது. கொடுத்தவன் நான்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரு பொய்யைப் பேசி வைத்துக்கொண்டோம், இல்லை, நான் பேசினேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அக்காள் வீட்டில் வைத்து உன்னைத் தேற்றியதாகச் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் டிரெஸருக்கு வேலை போகும், எனக்கும் போகும், லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். ஜனங்கள் என்ன பார்த்தார்கள்? நான் மூன்று சொட்டுக் கொடுத்ததைப் பார்த்தார்கள். நீ நீலமானது கக்குவானால் என்று நினைத்தார்கள், லோரியில் ஓடியது அக்காள் வீட்டுக்கு என்று நம்பினார்கள். கொஞ்ச நாள் கழித்து நீ அம்மா இடுப்பில் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தார்கள். நடுவில் இருந்த ஆஸ்பத்திரி அவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான், தைலம் தெய்வமாகிவிட்டது. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் கோயில் கமிட்டி என்னை மேடைக்குக் கூப்பிட்டு, துண்டு போர்த்தி, மாலை போட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினேன். உன் அம்மா கூட்டத்தில் இருந்து எழுந்து போனதைப் பார்த்தேன், பார்த்தும் மாலையைக் கழற்றவில்லை.

திருவிழா முடிந்து ஒரு மாதம் இருக்கும், முனியம்மா வந்தாள். அவளுக்கு அப்போது ஒரே பிள்ளை, சாந்தி, இரண்டு வயது. துறுதுறுவென்று ஓடுகிற குழந்தை, உன்னைத் தொட்டிலில் ஆட்டிவிடுகிறேன் என்று வந்து கிள்ளிவிட்டு ஓடும். அதற்குக் கக்குவான். “சேகரப் பொழைக்க வச்ச மருந்த எம்புள்ளைக்கும் குடுங்கண்ணே” என்று கையேந்தினாள். நன்றாகக் கேள், மகனே. அன்றைக்கு எனக்குத் தெரியும். எண்ணெய் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. இல்லையென்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் மாலை போட்டவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தேன். ஒரு பிள்ளையின் உயிரைவிட அந்த யோசனை எனக்குப் பெரிதாக இருந்தது. போத்தலை எடுத்துக் கொடுத்து, “மூணு சொட்டு, சக்கரையில” என்று சொன்னேன். மறுநாள் மத்தியானம் சாந்தி போய்விட்டது. கக்குவான் கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் பிள்ளைக்கு வேளை வரவில்லை, அவள் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று முனியம்மாவே உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உன் அம்மா அன்றைக்குப் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்தாள், குழாயை ஆற்றில் எறிந்தாள். “அவகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?” என்று கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். எத்தனை வருஷம் அப்படிச் சொல்லியே அவள் வாயை அடைத்தேன் தெரியுமா? சாகிற வாரத்திலும் அதைத்தான் கேட்டாள். சொல்லியாகிவிட்டது என்று அவளிடமும் பொய் சொன்னேன். இத்தனைக்கும் முனியம்மா என்னிடம் ஒரு குறையும் வைத்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல் எனக்குத் தட்டு வரும். உன் அம்மா போன பிறகு எனக்குக் காய்ச்சல் என்றால் அவள்தான் கஞ்சி கொண்டுவருவாள். கஞ்சியைக் குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன். எங்கே தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே கிழவனாகிவிட்டேன்.

மணி பத்தாகிவிட்டது. இதற்குமேல் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது என் திட்டம் வேறு. முனியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒட்டி அவள் கையிலேயே கொடுத்தனுப்பினால், நீ வாசித்துவிட்டு, தைலம் கெட்டுப்போச்சு, கல் சரியில்லை என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிச் சமாளித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். அவள் உன் முன்னால் உட்கார்ந்து டீ குடிப்பாள், நீ செத்துப்போன சாந்தியைப் பற்றி வாசித்துக்கொண்டு இருப்பாய். என் பாவத்தை அவள் கையிலேயே கொடுத்துச் சுமக்க வைத்து, பொய்யை உன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் உன்னை நினைத்துப் பார்த்தேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் கற்றுக்கொடுத்தது ஒன்றுமில்லை உனக்கு, இதையாவது கற்றுக்கொடுக்காமல் இருக்கிறேன். அவள் வந்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். வாசிக்க முடியுமா என்று தெரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள்.

வாசித்துவிட்டேன். மேலே எழுதியதில் எதையும் அடிக்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பாதியில் நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. முடிந்ததும் கையிலிருந்த பையின் காதைத் திருகினாள். பிறகு, “எத்தன சொட்டு சொன்னீங்கண்ணே அன்னிக்கி?” என்றாள். மூன்று என்றேன். “நான் பத்து வுட்டேன். சீக்கிரம் கேக்கட்டுமேன்னு பத்து வுட்டேன். நான்தான் எம்புள்ளயக் கொன்னுட்டேன்னு இத்தன வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒங்ககிட்ட சொன்னா, மருந்தக் கெடுத்துட்டியேன்னு திட்டுவீங்கன்னு பயந்துகிட்டுக் கெடந்தேன்” என்றாள். சேகர், நான் தப்பித்தேன் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் மூன்று சொட்டிலேயே நீ நீலமானாய். அதை நான் அவளிடம் சொல்லியிருந்தால் அவள் ஒரு சொட்டுகூட விட்டிருக்கமாட்டாள். அதையும் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

நீ செய்ய வேண்டியது இதுதான். வாசித்து முடித்ததும் கொட்டகையைப் பூட்டு. அந்தக் கல்லை என்ன செய்கிறாய் என்று பிறகு யோசிக்கலாம், வேலைக்கும் ஒரு வழி பிறக்கும். ஒரு டாக்சி பிடித்து, முனியம்மாவையும் அவள் மகளையும் ஏற்றி, குழந்தையை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. பத்து நாள் ஆகிவிட்டது, நாளைக்கு என்று தள்ளாதே. ஏற்கெனவே யாராவது எண்ணெய் ஏதும் கொடுத்தார்களா என்று டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொல். வழியில் முனியம்மா உன்னோடு பேசாமல் இருக்கலாம். நீயும் எனக்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதே, அது என் வேலை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து நின்றாள். “ஆஸ்பத்திரில ஊசி போட்டா பேரப்புள்ள பொழச்சுக்கும்லண்ணே?” என்று கேட்டாள். “பொழச்சுக்கும்மா. சேகர் பொழச்சான்ல” என்றேன். “அப்ப எஞ்சாந்தியும் பொழச்சிருக்கும்ல?” என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? கடிதத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அப்பா